கூடத்துச் சுவரில் சாமி படம்



பொங்கலுக்குள் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும். பழைய சாமி படங்களை எடுத்துவிட்டுச் சுவரை வெறுமையாக விடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். எடுக்கும் முன் அவற்றின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காலத்தில் சாமி படம் வசதியுள்ளவர்கள் வீட்டில்தான். தங்க ரேக்கு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தை ஏழை வாங்க முடியுமா? 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கு ஒரு கல் வைத்துக் கல்லச்சில் அச்சிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீடுகளுக்கும் வந்தார்கள்.

மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்தது 1939-இல்தான். அச்சுப் படத்துக்கு அந்தத் தடை இல்லை. காசு கொடுத்தவர் வீட்டுக்கெல்லாம் சாமி போனது. பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவின் ஓவியங்கள் காலண்டரில் அச்சாகின. கடைக்காரர் இனாமாகக் கொடுக்க, காசில்லாத வீட்டுக்கும் போயின.

ஆகவே என் யோசனை: மூன்று சுவர் பிள்ளைகள் விருப்பப்படி இருக்கட்டும். ஒரு சுவரில் மட்டும் அந்தப் படங்கள். யார், எப்போது வாங்கியது என்று பின்பக்கம் எழுதி மாட்டுவோம்.

உங்கள் வீட்டுச் சுவரில் என்ன படம் இருந்தது? எழுதுங்கள்.