பரோடா சென்ற சிலம்பு

காவிரிக் கரையின் இசை வரலாற்றை எழுதுவோர் திருவையாற்றையும் தஞ்சை அரண்மனையையும் முதற்கண் சுட்டுவர். அத்துணை சுட்டப்பெறாத நிகழ்ச்சி ஒன்றுண்டு. அது 1916ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தஞ்சையிலிருந்து பரோடாவுக்கு நிகழ்ந்த பயணம். சென்றவர் ஆபிரகாம் பண்டிதர். அவர் கொண்டு சென்ற சான்று சிலப்பதிகாரம்.

தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த பண்டிதர், தஞ்சையில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர்ச் சித்த மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். கருணாநிதி வைத்தியசாலை ஈட்டித் தந்த பொருள் இசைக்குச் செலவாயிற்று. 1912 மே 27இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, பாடகர்களையும் புலவர்களையும் தஞ்சைக்கு வரவழைத்துத் தம் செலவில் மாநாடுகள் நடத்தினார். அவற்றில் அவரை விடாது பற்றி நின்ற வினா ஒன்றே: ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை?

பரதரையும் சார்ங்கதேவரையும் பின்பற்றியோர் இருபத்திரண்டு என்றனர். பண்டிதர் சிலம்பின் ஆய்ச்சியர் குரவையையும் அடியார்க்குநல்லார் உரையையும் துணைக்கொண்டார். வட்டத்தைப் பன்னிரண்டு இராசிகளாகப் பகுத்து நரம்புகளை நிறுத்தும் வட்டப்பாலை முறையில், ஓர் இராசிக்கு இரண்டு அலகாக இருபத்து நான்கு அலகுகள் அமையும் என்றார். விளரி, கைக்கிளை இரண்டிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடியமையால் இருபத்திரண்டு என்னும் எண் தோன்றிற்று என்பது அவர் விளக்கம். பிறர் காவியமாக மட்டும் கண்ட பகுதியில் அவர் கணக்கைக் கண்டார். உ.வே.சாமிநாதையர் பதிப்பால் சிலம்பு உரையுடன் அச்சேறி அப்பொழுது இருபத்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பரோடாவில் மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட்டின் ஆதரவில் முதல் அனைத்திந்திய இசை மாநாடு கூடிற்று. அதனைக் கூட்டுவித்தவர் பாத்கண்டே. தஞ்சை வேங்கடமகியின் 72 மேளப் பகுப்பை நன்கறிந்து போற்றியவர் அவர். எனவே தஞ்சையின் இசை நூலறிவு அவ்வரங்கிற்குப் புதிதன்று. தமிழ்க் காப்பியம் சான்றாக வந்ததே புதிது. ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட இரயில் பயணத்தில் பண்டிதர் தம் புதல்வியரையும் உடனழைத்துச் சென்றார். சுருதி வாதத்தைச் சொல்லால் மட்டும் நிறுவ இயலாது. செவி ஒப்ப வேண்டும். ஆதலின் அவர் கணக்கிட்டுக் கூறியதை அம்மகளிர் அவையில் இசைத்துக் காட்டினர்.

அவையோர் வியந்தனர் எனினும் வழக்கு முடிந்திலது. இருபத்திரண்டு என்னும் கொள்கை இன்றும் இசைப் பாடநூல்களில் நின்று நிலவுகிறது. பண்டிதர் சோர்ந்தாரல்லர். மறு ஆண்டே, 1917இல், கருணாமிர்த சாகரத்தின் பெருந்தொகுதி தஞ்சையில் வெளிவந்தது. 1919இல் அவர் மறைந்தார். இரண்டாம் தொகுதியை மகள் மரகதவல்லி துரைப்பாண்டியன் 1946இல் வெளிக்கொணர்ந்தார். அரங்கில் இசைத்துக் காட்டிய குடும்பமே நூலையும் காத்தது.

1947இல் விபுலாநந்த அடிகளின் யாழ் நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையால் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று. அடிகள் கொண்ட அலகு இருபத்திரண்டே. முடிவில் இருவரும் வேறுபட்டனர். சான்றாகச் சிலம்பையே நாடியதில் ஒன்றுபட்டனர். அலகின் எண்ணிக்கை குறித்து அறிஞர் இன்னும் வாதிடலாம். ஆனால் தமிழிசையை ஆராயப் புகுவோர் சிலம்பைத் திறவாமல் செல்ல இயலாது என்னும் நிலை உருவானதற்கு, பரோடா அவையில் அதனை முன்வைத்த தஞ்சை மருத்துவர் ஒரு பெருங்காரணர். இளங்கோவடிகளின் கவிதை அன்று பாராட்டுக்காகச் செல்லவில்லை. சாட்சி சொல்லச் சென்றது.