புனேயின் இரண்டு பூட்டிய அறைகள்: நஞ்சுக் கொலையும் சந்தர்ப்ப சாட்சியமும்

இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட ஆங்கிலத் துப்பறியும் கதையில் பூட்டிய அறை என்பது ஒரு வாக்குறுதி. கதவு உட்புறம் தாழிட்டிருக்கிறது, உள்ளே பிணம். கொலைகாரன் எப்படி வந்து போனான் என்பதைக் கடைசி அத்தியாயத்துக்குள் எழுத்தாளர் சொல்லியாக வேண்டும். ஜான் டிக்சன் கார் 1935இல் வெளியிட்ட ‘தி ஹாலோ மேன்’ நாவலில் இதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, தம் பாத்திரத்தின் வாயால் விரிவுரையே நிகழ்த்தினார். அதற்கு முன்பே, 1929இல், பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகளை வகுத்திருந்தார். இதுவரை அறியப்படாத நஞ்சு எதையும் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றில் நான்காவது. ஆகவே ‘எப்படி’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காத கதை, அந்த மரபில் தோற்ற கதை.

புனேயிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்ற இரண்டு நஞ்சு வழக்குகளை இந்த அளவுகோலோடு வைத்துப் பார்க்கிறது இக்கட்டுரை. புனைவு பூட்டுவது அறையை. சட்டம் பூட்ட வேண்டியிருப்பது மாற்று விளக்கங்களை. இந்த வேறுபாட்டைக் காட்ட நஞ்சைவிடத் தெளிவான சான்று இல்லை. ஏனெனில் நஞ்சுக்கு அறை ஒரு பொருட்டே அல்ல. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ (1920) ஒரு கிராமத்து மாளிகையில் நடக்கிறது. சொத்துள்ள மூதாட்டி தாழிட்ட படுக்கையறையில் ஸ்ட்ரிக்னினால் இறக்கிறார். வாசகர் கதவுகளையே எண்ணிக்கொண்டிருக்க, நஞ்சூட்டியவர் அந்நேரம் அறையில் இருக்கத் தேவையே இல்லை என்பதைக் கதை மெல்ல உணர்த்துகிறது.

சொத்துள்ள விதவை, வீட்டோடு ஒட்டிக்கொண்ட குடும்ப மருத்துவர்: கிறிஸ்டி எழுதியிருக்கக்கூடிய இந்த அமைப்பு புனேயின் சுக்ரவார் பேட்டையில் உண்மையாகவே இருந்தது. ஒருவரை ஒருவர் அறிந்த பேட்டை வாழ்க்கையும் ஆங்கிலக் கிராமத்துக்கு அவ்வளவு தொலைவில்லை. லட்சுமிபாய் கார்வே நீரிழிவு நோயாளி. அவருக்கு மருத்துவம் பார்த்த அனந்த் சிந்தாமண் லாகு, பின்னர் அவர் வீட்டுக்கே குடிவந்தார். 1956 நவம்பர் 12 இரவு இருவரும் புனேயிலிருந்து பம்பாய்க்கு ரயிலேறினார்கள். விடியற்காலையில் வண்டி போய்ச் சேர்ந்தபோது லட்சுமிபாய்க்கு நினைவில்லை. ஜி.டி. மருத்துவமனையில் லாகு அவரை வேறு பெயரில் சேர்த்தார். நினைவு திரும்பாமலே அன்று முற்பகலில் அவர் இறந்தார். உரிமை கோர யாரும் வராத உடல் நாள்கணக்கில் கிடந்தது. தாமதமாக நடந்த பிரேதப் பரிசோதனையிலும் உள்ளுறுப்புகளின் வேதிப் பரிசோதனையிலும் நஞ்சு எதுவும் அகப்படவில்லை.

அதன்பின் லாகு செய்ததுதான் வழக்கின் உயிர்நிலை. இறந்தவர் பெயரில் கடிதங்கள் புனேக்கு வந்தன. தாம் ஜோஷி என்பவரை மணந்து தொலைவில் ஓர் ஊரில் குடியேறிவிட்டதாக அவற்றில் லட்சுமிபாய் ‘எழுதியிருந்தார்’. பங்குகளும் வங்கிப் பணமும் லாகுவிடம் போய்ச் சேர்ந்தன. இந்தப் பொய்யின் கூர்மையைச் சட்ட நூல்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். விதவை மறுமணம் என்ற செய்தி உறவினரைத் தேட வைக்காது, வெட்கி வாயடைக்க வைக்கும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். 1893இல் விதவை ஒருவரை மணந்து, 1896இல் விதவைகளுக்கு இல்லம் தொடங்கிய தோண்டோ கேசவ் கார்வேயின் ஊர் புனே. லாகு கைதான 1958இல்தான் அந்தக் கார்வேக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது. குடும்பப் பெயர் ஒன்றாயிருப்பது தற்செயலே. ஆனால் அறுபது ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகும் அந்தப் பொய் சிறிது காலம் செல்லுபடியாயிற்று. உறவினரும் நண்பர்களும் ஐயுற்று மனுப் போட்ட பிறகே உண்மை வெளிவந்தது. கள்ளக் கடிதத்தில் ஊன்றிய இந்தக் கதை, ஆங்கிலப் பூட்டிய அறையைவிட ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்துத் தமிழ்த் துப்பறியும் நாவல்களுக்கே நெருங்கியது.

எந்த நஞ்சு, எந்த அளவு, எந்த வழியில் என்ற மூன்றுக்கும் விடையில்லாமலே புனே அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1959 டிசம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹிதயதுல்லாவின் வாதம் எளியது. நீரிழிவு மயக்கத்தால் இறந்தார் என்ற விளக்கம் அறிகுறிகளோடு பொருந்தவில்லை. நஞ்சைக் கண்டுபிடித்தால்தான் தண்டனை என்றால், தடயம் விடாத மருந்தை அறிந்த மருத்துவருக்குச் சட்டமே காப்பாகிவிடும். இறப்புக்கு முன்னும் பின்னும் லாகு நடந்துகொண்ட விதம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. நாக்ஸின் நான்காம் கட்டளையை இதைவிட முழுமையாக மீற முடியாது.

நீதிபதி ஏ.கே. சர்க்கார் உடன்படவில்லை. இயற்கையாக நேர்ந்த சாவைக் கண்டு, சொத்தைச் சுருட்டலாம் என்று அதன்பின் துணிந்தவனும் இதே பொய்களைச் சொல்லியிருப்பானே என்பது அவர் கேள்வியின் சாரம். நஞ்சால் சாவு என்பதே மெய்ப்பிக்கப்படவில்லை என்றார் அவர். துப்பறிவாளரின் கண்கொண்டு பார்த்தால் இதுவே சரியான கேள்வி. பின்னடத்தை பேராசையைக் காட்டுகிறது. கொலையையும் அதுவே காட்டுகிறதா?

இதற்கு நேர்மாறான வழக்கும் புனேயிலேயே பிறந்தது. 1982 ஜூன் 11க்கும் 12க்கும் இடைப்பட்ட இரவில், மணமாகி நான்கு மாதமான ஓர் இளம்பெண் அடுக்ககப் படுக்கையறையில் இறந்தார். இங்கே நஞ்சு தெரியும்: பொட்டாசியம் சயனைடு. இடமும் நேரமும் தெரியும். லாகு வழக்கில் இல்லாத ‘எப்படி’ முழுவதும் கையில் இருந்தது. கீழ் நீதிமன்றம் கணவருக்கு மரண தண்டனை விதிக்க, உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆனால் சரத் பிர்திசந்த் சர்தா எதிர் மகாராஷ்டிர மாநிலம் என்ற அவ்வழக்கில் 1984 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. நஞ்சு அவர் வசம் இருந்ததை அரசுத் தரப்பு நிறுவவில்லை. இறந்தவர் எழுதிய கடிதங்களில் தெரிந்த மனச்சோர்வைப் பார்க்கும்போது தற்கொலை என்ற விளக்கத்தை ஒதுக்க முடியவில்லை. நீதிபதி ஃபசல் அலி இத்தீர்ப்பில் தொகுத்த ஐந்து விதிகளைச் சந்தர்ப்ப சாட்சியத்தின் பஞ்சசீலம் என்கிறார்கள். குற்றத்தைத் தவிர வேறு எந்தக் கருதுகோளுக்கும் இடமிருக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

1984இன் தீர்ப்பு 1959ஐவிடக் கடுமையானது என்று மட்டும் சொல்வது போதாது. இரண்டு வழக்குகளிலும் ஒரே ஒரு மாற்று விளக்கம்தான் எஞ்சி நின்றது: முன்னதில் நோய், பின்னதில் தற்கொலை. லாகு தம் பொய்களாலேயே தமக்கு இருந்த மறுவழியை அடைத்துக்கொண்டார். வேறு பெயர் சொல்லிச் சேர்த்தவரால், ‘நோயால் இறந்தார்’ என்று பின்னர் நம்பவைக்க முடியவில்லை. சர்தா வழக்கில் அப்படியொரு கதவை யாரும் அடைக்கவில்லை. இறந்தவரின் கடிதங்களே அதைத் திறந்து வைத்தன. லாகுவுக்கு எதிராக நின்றதும் கடிதம்தான், சர்தாவுக்கு ஆதரவாக நின்றதும் கடிதம்தான்.

திரிமுக் மாரோதி கிர்கன் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இன்னோர் அடி வைத்தது. வீட்டுக்குள் மறைவாக நடந்த சாவுக்கு உள்ளே இருந்தவர் விளக்கம் தர வேண்டும். தராத மௌனமும் சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணி என்றது. அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 106ஆம் பிரிவில் ஊன்றிய வாதம் இது. ஆனால் அந்தக் கண்ணி மற்றவை இருந்தால்தான் மாட்டும். நடந்தது கொலைதான் என்று முதலில் நிறுவப்படாத இடத்தில் மௌனத்தைக் கொண்டு எதையும் பூட்ட முடியாது. 1959இல் சர்க்கார் நின்ற இடத்துக்கே அது நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிறது.