கருணை கட்டிய கல்லறை

கொடியவன் கட்டிய சிறை கொடுமை செய்தால் அதில் வியப்பில்லை. குணசீலர்கள் கூடி, நெஞ்சிலே கருணை கசியக் கட்டிய சிறை, மனிதரைப் பித்தராக்கியது என்றால்? வரலாறு அப்படியும் ஒரு கதை சொல்லுகிறது, தோழர்களே!

அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரம். 18-ஆம் நூற்றாண்டிலே அங்கிருந்த சிறை, கடன்பட்டவனையும் கள்வனையும் கொலைஞனையும் ஒன்றாய் அடைத்த பட்டி. கசையடியும் தூக்குமரமுமே அந்நாளையத் தண்டனைகள். இதனைக் காணப் பொறாத நல்லோர் சிலர், 1787-ஆம் ஆண்டு சங்கமொன்று கண்டனர். மருத்துவர் பெஞ்சமின் ரஷ் அவர்களிலே ஒருவர். குவேக்கர் என்னும் கிருத்துவப் பிரிவினரும் பலர். உடலை வதைத்தால் உள்ளம் திருந்துமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. அறிவார்ந்த கேள்வி! ஆனால், விடையை எங்கே தேடினர்? தங்கள் நம்பிக்கையிலே! தனிமையிலே மனச்சான்று விழிக்கும், மௌனத்திலே ஆண்டவன் குரல் கேட்கும், குற்றவாளி உருகித் திருந்துவான் என்று முடிவு கட்டினர்.

அந்த முடிவுக்குக் கல்லிலே உருக்கொடுத்தார், ஜான் ஹாவிலண்ட் என்னும் கட்டடக் கலைஞர். 1829-லே திறக்கப்பட்டது ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை. முப்பது அடி மதில்; நடுவிலே ஒரு கூடம்; அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு நீண்ட கட்டடங்கள். ஆளுக்கு ஓர் அறை. குழாய்த் தண்ணீர் உண்டு, கழிப்பிடம் உண்டு, குளிர் போக்க வெப்பமும் உண்டு. உலவுவதற்குத் தனி முற்றம் — அதற்கும் நாற்புறமும் சுவர்! ஒளி மேலிருந்தே வரவேண்டுமென்று கூரையிலே ஒரு சாளரம். படிக்க பைபிள். பேசவோ, சக கைதி ஒருவனும் இல்லை! அறையைவிட்டு அழைத்துச் செல்லுங்கால், எவர் முகமும் காணாதிருக்கத் தலைக்கு முக்காடு! இத்தகைய சிறைக்குப் பெயர் ‘பெனிடென்ஷியரி’ — கழிவிரக்கம் கொள்ளும் இடம் என்பது பொருள்.

கழிவிரக்கம் வந்ததா? 1842-லே அங்கு சென்று கண்டார், ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ். அமைத்தவர்களின் நல்லெண்ணத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால், கசையடியின் தழும்பு கண்ணுக்குத் தெரியும், உள்ளத்தின் சிதைவு தெரியாது. ஆகவே இதுவே பெருங்கொடுமை என்று கண்டித்தார். 1890-லே அமெரிக்க உச்சநீதிமன்றமும், தனிமைச் சிறையின் பட்டறிவை ஒரு தீர்ப்பிலே நினைவூட்டிற்று: அறிவு மழுங்கியோர் பலர், வெறிபிடித்தோர் சிலர், தற்கொலை செய்துகொண்டோரும் உண்டு! ஆயினும் அச்சிறையின் தனிமை முறை ஏட்டளவிலே ஒழிய 1913 வரை ஆயிற்று.

இதற்கிடையே அந்த ஆரவடிவம் உலகெங்கும் பரவிற்று. அந்தமானிலே வெள்ளை அரசு 1906-லே கட்டி முடித்த செல்லுலார் சிறையைப் பாருங்கள்: அதே நடுக்கோபுரம், அதே ஏழு கிளைகள், அதே தனியறைகள்! ஒரு கிளையின் முகப்பு மற்றதன் முதுகையே நோக்கும். நாடு கடத்தும் தண்டனையை மேலும் கடுமையாக்கவே எழுந்தது அது. திருத்தவென்று பிறந்த வடிவம், ஒடுக்குவோனுக்கும் கச்சிதமாகப் பொருந்திற்று!

2015-லே ஐக்கிய நாடுகள் அவை, 27 ஆண்டுகள் சிறையிலிருந்த மண்டேலாவின் பெயரால் விதிகள் வகுத்தது. தொடர்ந்து 15 நாட்களுக்குமேல் தனிமைச் சிறை கூடாது என்பது அவற்றிலே ஒன்று. பிலடெல்பியாவிலோ, ஆண்டுக்கணக்கிலே!

அந்த நல்லோர் நெஞ்சிலே ஈரம் இருந்தது. விளைவை அளந்து பார்க்கும் துணிவு இல்லை. அடைபட்டவனிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் போதும். ஆனால் அவனைத்தான் பேசவே விடவில்லையே! சீர்திருத்தம் பேசும் நாமும் இதை மறத்தலாகாது. நம் கருணையும் காரண காரியத்தின் முன்னே கைகட்டி நின்று, கணக்குக் காட்டத்தான் வேண்டும்.