கண்டி அரச அலுவலகங்களில் தமிழ்

கண்டி மாவட்டச் சனத்தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தமிழரும் முஸ்லிம்களுமாவர் என்பதை 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு காட்டியது. அக்குறணை, கல்ஹின்னை, மடவளை போன்ற ஊர்களிலும், பன்விலை, தெல்தோட்டை, நாவலப்பிட்டி சார்ந்த தோட்டங்களிலும் தமிழே வீட்டுமொழி. ஆயினும் அரச அலுவலகத்தின் கருமபீடத்தை அடைந்ததும் இம்மக்களில் பலர் தாமாகவே சிங்களத்திற்கு மாறிவிடுகின்றனர். இது சட்டத்தின் குறை மட்டுமன்று.

1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. மறு ஆண்டில் வந்த 16ஆவது திருத்தம் நிருவாகத்தில் அதன் இடத்தை விரித்துரைத்தது. மத்திய மாகாணத்தில் நிருவாக மொழி சிங்களமே. எனினும், அங்கு வாழும் ஒருவர் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தின் தமிழ்ப் பெயர்ப்பைக் கோரவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமையளிக்கின்றது. சிறுபான்மை மொழியினரின் விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் இருமொழி நிருவாகத்தைப் பணிக்கவும் சனாதிபதிக்கு அதிகாரமுண்டு.

உத்தியோகத்தர் நிலை என்ன? 2007 ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் சேவையில் சேர்வோர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டுமென அவ்வாண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை விதித்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பாடநூலில் 'தந்தையின் பெயர்' என்று கற்றவரிடம் அக்குறணைப் பெண்மணி 'வாப்பாட பேர்' என்கிறார். தோட்டத் தொழிலாளியோ 'அப்பா பேரு' என்கிறார். ஏட்டுத் தமிழ் அறிந்தவருக்கு இரண்டும் புதியவை. அவர் தயங்க, வந்தவர் சிங்களத்தில் பேசிவிடுகிறார். பயிற்சியற்ற தேர்ச்சி மங்கிப்போகிறது. சான்றிதழோ சுயவிவரக் கோவையில் பத்திரமாக இருக்கிறது! தம் பேச்சுத் தமிழ் அலுவலகத்துக்கு ஏற்றதன்று என்ற கூச்சம் நம்மவரிடமும் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இதன் விலையைப் பிறப்புச் சான்றிதழில் காணலாம். சிங்களத்தில் பதியப்பட்ட பெயர் பின்னர் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பெயர்க்கப்படும்போது ஓர் எழுத்து பிசகினாலும் போதும். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் சத்தியக் கடதாசியோடு அலைய நேரிடும். நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாட் சம்பளமாகும்.

1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் இத்தகைய மீறல்களை முறையிடலாம். வாய்ச்சொல்லாக மறுக்கப்பட்ட உரிமைக்குத் தடயமில்லை. ஆகையால் கோரிக்கையைத் தமிழில் எழுதி, திகதியிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றைக் கைவசம் வைத்திருத்தல் வேண்டும். பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால், அக்கடிதமே முறைப்பாட்டுடன் இணைக்கத்தக்க சான்றாகும்.