வல்லவன் (தமிழ் ராப் இசைத்தொகுப்பு)

வல்லவன் என்பது மலேசியாவின் யோகி பி – நட்சத்திரா குழு 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட தமிழ் ராப் இசைத்தொகுப்பாகும். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் இதில் பாடினர். 1990களில் பொயட்டிக் அம்மோ குழுவில் ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் பாடி அனுபவம் பெற்றவர் யோகி பி. இத்தொகுப்பில் அவர் தமிழையே முதன்மை ஆக்கினார்.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதிக் கறுப்பின இளைஞர்கள், வறுமையையும் காவல்துறைக் கெடுபிடியையும் தெருச் சண்டைகளையும் பாட்டாக்கினர். இவ்வகைப் பாட்டே 'கேங்ஸ்டா ராப்' எனப்பட்டது. மலேசியாவில் ரப்பர் தோட்டங்கள் கைமாறியதால் நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் வறுமையும் குண்டர் கும்பல்களும் புதியவை அல்ல. அவர்கள் காதுக்கு ராப் எளிதில் எட்டியது.

'நிழல்கள்' (1980) திரைப்படத்துக்காக இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலின் மறுஆக்கம் இத்தொகுப்பைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. 2007 இல் 'பொல்லாதவன்' திரைப்படத்திலும் யோகி பி பாடினார். 2012 இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆதியின் ஹிப்ஹாப் தமிழா குழு 'ஹிப் ஹாப் தமிழன்' தொகுப்பை வெளியிட்டது.

தமிழகத்துப் பாட்டு கடல் கடந்து செல்வதே வழக்கம். தமிழ் ராப்போ கடல் கடந்த தமிழரிடமிருந்து தாய்நிலத்துக்கு வந்தது. இதுவே வல்லவனின் வரலாற்றுச் சிறப்பாகும்.