மூன்றாவது சக்கரம் எந்தப் பக்கம்?

ஊருக்குப் போனால் நாங்கள் ஆசையாய் ஏறும் ஓட்டோவுக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இங்கிலாந்தின் மால்வேர்ன் நகரில் 1909இல் எச்.எஃப்.எஸ். மோர்கன் தனக்காகச் செய்த முச்சக்கர வண்டியில் இது தலைகீழ்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. ஏன் அப்படி? பொறியியல் படித்த எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

மோர்கன் ஒரு மதகுருவின் மகன். மோட்டார் கராஜ் நடத்தினார். அவரிடம் 7 குதிரைவலு கொண்ட பேஜோ எஞ்சின் ஒன்று இருந்தது. மால்வேர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் உதவி செய்ய, கல்லூரிப் பட்டறையிலேயே வண்டி உருவானது.

மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வண்டியின் பாரம் அதற்குள் விழும்வரை வண்டி கவிழாது. வளைவில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னாலும் வளைவின் வெளிப்பக்கமும் தள்ளப்படும். மோர்கனின் வண்டியில் அந்த மூலையில் ஒரு சக்கரம் இருக்கிறது. ஓட்டோவில் அங்கே எதுவும் இல்லை. ஓட்டோவை வடிவமைத்தவர்களின் தேவை வேறு: குறைந்த வேகம், ஒடுக்கமான தெரு, பின்னால் ஆட்களும் சாமான்களும்.

சக்கரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மோட்டார் சைக்கிள் வளைவில் சாயும். அதனால் பாரம் சக்கரத்தின் நேர்கோட்டிலேயே இறங்கும். முச்சக்கர வண்டி சாயாது. பக்கவாட்டு விசை முழுவதையும் சக்கரம்தான் தாங்கவேண்டும். அதனால் சைக்கிள் சக்கரத்தை அப்படியே மாட்டினால் வளைந்துவிடலாம். நடுவில் உள்ள குடம் அகலமாக இருந்தால், கம்பிகள் சரிவாக நின்று அந்த விசையைத் தாங்கும்.

மோர்கனின் சஸ்பென்ஷன்தான் எனக்கு வியப்பு. முன்பக்கம் இரு புறமும் செங்குத்தாக ஒவ்வொரு தண்டு. சக்கரத்தைத் தாங்கும் பாகம் அந்தத் தண்டில் சுருள்வில்லோடு மேலும் கீழும் வழுக்கும். அதே தண்டைச் சுற்றித் திரும்பவும் செய்யும். பள்ளத்தைத் தாங்குவது, வண்டியைத் திருப்புவது என்ற இரண்டு வேலைக்கும் ஒரே தண்டு! ஒரு சக்கரம் குழியில் விழுந்தாலும் மற்றது அதன்பாட்டில் ஓடும். இந்த முறையை 1898இலேயே பிரான்சின் டெகோவில் வண்டி பயன்படுத்தியிருந்தது. மோர்கன் அதை எளிமையாக, எடை குறைவாகச் செய்துகாட்டினார்.

1910இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அவர் வைத்த ஒற்றை இருக்கை வண்டியைச் சிலர்தான் வாங்க முன்வந்தார்கள். அடுத்த ஆண்டு இரட்டை இருக்கை வண்டி செய்தார். 1912இல் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் ஒரு மணிநேரத்தில் ஏறக்குறைய 60 மைல் ஓடினார். அந்த முச்சக்கர வண்டிகள் 1952 வரை விற்பனையில் இருந்தன. வழுக்கும் தண்டு மோர்கனின் நாலு சக்கரக் கார்களுக்கும் போய், நூறு ஆண்டுகளைத் தாண்டி நிலைத்தது.

உங்களில் யாராவது வீட்டு கராஜில் முச்சக்கர வண்டி செய்ய நினைத்தால், அழகான பொடியை வரையும் முன் ஒரு முக்கோணம் வரையுங்கள். எஞ்சின், பற்றரி, ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்த பாரம் அதில் எங்கே விழுகிறது என்று ஒரு புள்ளி வையுங்கள். அது இரட்டைச் சக்கரங்களுக்குக் கிட்டவும் தரைக்குக் கிட்டவும் இருக்கட்டும். உங்கள் உயிர் அந்தப் புள்ளியில்தான் இருக்கிறது.