அறுத்துப் பார்த்தும் தெரியாத காயம்

ஒடென்சே என்றதும் எமது பிள்ளைகளின் நினைவுக்கு வருபவர் கதாசிரியர் அன்டர்சன். அவர் பிறப்பதற்கு 136 ஆண்டுகளுக்கு முன்னர், 1669இல், அதே நகரில் லூத்தரன் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் உடற்கூற்றியல் ஆசான் ஜேக்கப் வின்ஸ்லோ. மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்ற அவர் 1699இல் கத்தோலிக்கராக மாறினார். தாயகம் திரும்பாமலே 1760இல் அங்கு மறைந்தார். அந்நிய மொழியில் போதித்து, ஐரோப்பிய மாணவர்கள் நெடுங்காலம் பயின்ற பாடநூலை 1732இல் வெளியிட்டார். தமது உறவினரான நீல்ஸ் ஸ்டென்சன் மூளை பற்றி முன்னர் ஆற்றிய உரையையும் அதிற் சேர்த்தார். மூளை பற்றித் தாம் எதுவும் அறியேன் என்றே ஸ்டென்சன் அவ்வுரையைத் தொடங்கியிருந்தார்!

வின்ஸ்லோ பாரிசில் வாழ்ந்த காலத்தில், 1705இல், லித்ரே என்ற வைத்தியர் ஒரு சம்பவத்தைப் பதிவுசெய்தார். மரணதண்டனைக்கு அஞ்சிய கைதியொருவன் சிறைச்சுவரில் தலையை மோதி உடனே இறந்தான். மண்டையைத் திறந்து பார்த்தபோது, அம்மரணத்தை விளக்கும் முறிவோ இரத்தக்கசிவோ தென்படவில்லை. அறுத்துக் காட்டியே அனைத்தையும் கற்பிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இஃது ஓர் அடியாயிற்று. டேனிஷ் மொழியில் இக்காயத்தின் பெயர் ‘மூளைக்குலுக்கம்’ என்றே பொருள்படும். இன்றைய ஸ்கான் படத்திலும் பெரும்பாலும் இது தெரிவதில்லை. நினைவிழந்து விழாதவருக்கும் இது நேரலாம்.

ஆகவே பயிற்சி வைத்தியர்களுக்குக் கேள்வி கேட்கவே கற்பிக்கிறார்கள். இஃது எந்த இடம்? எந்த மாதம்? அடிபட முன்னர் என்ன நடந்தது? 1974இல் வெளியான கிளாஸ்கோ அளவுகோலில் தெளிவான பேச்சுக்கு 5 புள்ளி, குழம்பிய பேச்சுக்கு 4. இங்கேதான் எமக்குச் சிக்கல். டேனிஷ் தெரியாத முதியவரின் தடுமாற்றமும் அடிபட்ட மூளையின் தடுமாற்றமும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சை நூலான ‘இரண வைத்தியம்’ 1867இல் வெளிவந்தது. தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்கி ஊராரிடம் பேசுவர் என்பது அவரது கணிப்பு.

ஒடென்சேயில் அவ்வசதி ஏது? எனவே தலையில் அடிபட்டவருடன் செல்வோர், பிள்ளையைப் பேசவிடாது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர் வழமையில் எப்படிப் பேசுபவர் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, பின்னர் படிப்படியாக வழமைக்குத் திரும்புதல் என்பதே இன்றைய முறை. தலைவலி கூடிக்கொண்டு போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, தாமதியாது 112ஐ அழையுங்கள்.